போடியில் இன்டர்நெட் எடுக்கப் போகிறீர்களா? வேகத்தைக் கேட்கும் முன் புகார் மெயிலை யார் படிக்கிறார்கள் என்று கேளுங்கள்

போடி, கம்பம் பக்கம் புதுசாக பிராட்பேண்ட் எடுப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை எம்பிபிஎஸ், மாசம் எவ்வளவு என்பதுதான். வீட்டில் படம் பார்க்க, பிள்ளைகள் படிக்க என்றால் அது போதும். வியாபாரத்துக்கு மெயில் அனுப்புகிறவர்கள், அதுவும் எங்களை மாதிரி சொந்தமாக மெயில் சர்வர் (மெயிலை வாங்கி அனுப்புகிற கம்ப்யூட்டர்) வைத்திருப்பவர்கள், இன்னொன்றையும் கேட்க வேண்டும்: உங்கள் கனெக்‌ஷனிலிருந்து குப்பை மெயில் வருகிறது என்று வெளியிலிருந்து யாராவது உங்கள் கம்பெனிக்குப் புகார் எழுதினால், அதை ஒரு மனுஷன் திறந்து படிக்கிறானா? கவுண்டரில் இருக்கும் பையன் முழிப்பான். பரவாயில்லை, கேளுங்கள். இந்த ஒரே விஷயத்துக்காகத்தான் நாங்கள் கம்பெனி மாறினோம், மாறியதில் எனக்கு முழுத் திருப்தி.

பழைய கம்பெனி, புதுக் கம்பெனி, இரண்டின் பெயரையும் இங்கே போடப் போவதில்லை. ஒரே கம்பெனிக்குத் தேனியில் ஒரு மாதிரி ஆள், மதுரையில் வேறு மாதிரி ஆள் இருக்கிறார்கள், ஆள் மாறினால் சர்வீஸும் மாறிவிடுகிறது. எந்தக் கம்பெனியிடமும் போய்க் கேட்கக்கூடிய விஷயங்களை எழுதுகிறேன், அதுதான் உங்களுக்கு உதவும்.

நான் வேலை பார்ப்பது போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில். காய் விளைவது மலைக்கு மேலே, வண்டன்மேடு, நெடுங்கண்டம், சாந்தன்பாறை பக்கம். ஸ்பைசஸ் போர்டு ஏலம் புற்றடியிலும் போடியிலும் நடக்கிறது. வாங்குகிற பார்ட்டிகள் டெல்லி, இந்தூர், கான்பூர் என்று வடக்கே இருக்கிறார்கள். போனில் ஆயிரம் பேசினாலும் கடைசியில் "மெயில்ல போடுங்க" என்றுதான் முடிப்பார்கள். லாட் நம்பர், எத்தனை எம்.எம். காய், மூட்டைக் கணக்கு, இன்வாய்ஸ், லாரி ரசீது எல்லாம் மெயில்தான், மெயில் போய்ச் சேரவில்லை என்றால் பணமும் வந்து சேராது. எங்கள் முதலாளிக்குக் கடிதங்கள் எல்லாம் நம்ம இடத்திலேயே இருக்க வேண்டும், அதனால் ஆபீஸிலேயே ஒரு சின்ன சர்வரும் அதற்கு ஒரு நிலையான ஐபியும் (இன்டர்நெட்டில் நம் லைனுக்கு உள்ள மாறாத முகவரி எண்) வைத்திருக்கிறோம்.

பழைய கம்பெனியில் இருக்கும்போது இன்வாய்ஸ் மெயில்கள் ஒன்றொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. திரும்பி வரும் மெயிலைப் பலர் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள், தயவுசெய்து அழிக்காதீர்கள், காரணம் அதிலேயே எழுதியிருக்கும். எங்களுக்கு வந்ததில் 550 என்ற எண், அதற்குப் பக்கத்தில் உங்கள் ஐபி ஸ்பாம்ஹாஸ் பட்டியலில் இருக்கிறது என்ற விவரம். ஸ்பாம்ஹாஸ் என்பது 1998-ல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்ட் ஆரம்பித்த அமைப்பு, குப்பை மெயில் வரும் ஐபிகளைப் பட்டியல் போட்டு வெளியிடுகிறது. உலகம் முழுக்கப் பல மெயில் சர்வர்கள் அந்தப் பட்டியலையும் பார்த்துத்தான் யாருடைய மெயிலை உள்ளே விடுவது என்று முடிவு செய்கின்றன.

எங்கள் சர்வரை அலசிப் பார்த்தாயிற்று, அதில் ஒரு கோளாறும் இல்லை. பட்டியலில் இருந்தது எங்கள் ஐபி மட்டும் இல்லை, அதைச் சுற்றி இருந்த மொத்த வரிசையுமே. அதே வரிசையில் எங்கேயோ ஒரு வாடிக்கையாளர் லோன், லாட்டரி என்று மெயிலாகக் கொட்டியிருக்கிறார், புகார்கள் போயிருக்கின்றன, கம்பெனி கண்டுகொள்ளவில்லை. அப்படிக் கண்டுகொள்ளாமலே இருந்தால் ஸ்பாம்ஹாஸ் ஒற்றை ஐபியோடு நிறுத்தாமல் பக்கத்து ஐபிகளையும் சேர்த்துப் பட்டியலில் போடும். ஒரு ஸ்டோரிலிருந்து (மலையில் காய் உலர்த்தும் இடம்) வந்த மூட்டையில் சாயம் ஏற்றிய காய் பிடிபட்டால் அப்புறம் அந்த ஸ்டோர் மூட்டை எது வந்தாலும் எல்லாரும் பிரித்துக் கொட்டிப் பார்ப்பார்கள் இல்லையா, அதேதான் இதுவும். இதில் ஸ்பாம்ஹாஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. புகாரைப் படிக்காத கம்பெனி மேல்தான் கோபம், ஏனென்றால் அந்த ஒருத்தருடைய மாசக் கட்டணத்துக்காக ஒழுங்காக இருக்கும் மற்ற எல்லார் தொழிலையும் அடகு வைக்கிறார்கள்.

இன்டர்நெட் கொடுக்கும் ஒவ்வொரு கம்பெனியும் புகார் வாங்குவதற்கென்று 'அப்யூஸ்' என்ற பெயரில் ஒரு மெயில் முகவரி வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றும் புதுசு இல்லை, 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2142 என்ற இன்டர்நெட் நடைமுறை ஆவணத்திலேயே இருக்கிறது. எந்த ஐபி எந்தக் கம்பெனியுடையது, புகாரை எங்கே அனுப்புவது என்பதை ஹூயிஸ் என்ற பொதுப் பதிவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்தியாவில் ஐபி வழங்கும் ஐஆர்ஐஎன்என் பதிவிலும், ஆசியா பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் பதிவிலும் அந்த முகவரி இருக்கும். பழைய கம்பெனியின் முகவரியும் இருந்தது. நான் மெயில் போட்டேன், பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்தது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "நெட் வருதுல்ல சார், ஸ்பீடு நல்லா இருக்குல்ல? அப்ப எங்க சைடுல பிரச்சனை இல்ல சார்" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். அந்தப் பெண் மேல் தப்பில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் ஒரு கம்பெனி பணம் வாங்கிக்கொண்டு ஐபியை விற்கிறது என்றால் அந்த ஐபிக்கு ஊரில் நல்ல பெயர் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலைதான்.

கம்பெனிகள் மனசு வைத்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு 2008 நவம்பரில் நடந்ததைச் சொல்லலாம். அமெரிக்காவில் மெக்கோலோ என்று ஒரு ஹோஸ்டிங் கம்பெனி, குப்பை மெயில் அனுப்பும் பெரிய பெரிய பாட்நெட்களை (வைரஸ் புகுந்து வேறொருவன் பிடிக்குப் போன கம்ப்யூட்டர் கூட்டங்களை) அங்கிருந்துதான் இயக்கிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் ஆதாரங்களைத் திரட்டி, அந்தக் கம்பெனிக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த மேல் கம்பெனிகளிடமே போய்க் கேட்டார், அவர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். உலகத்தில் மொத்தமாக ஓடிக்கொண்டிருந்த குப்பை மெயில் ஒரே நாளில் பாதிக்கும் மேல் விழுந்துவிட்டது. பிறகு மெல்ல ஏறியது, அது வேறு விஷயம்.

சரி, புதுக் கம்பெனிக்கு வருகிறேன். இது ஊர்க்காரர்கள் நடத்துவது, கேபிள் டிவியில் ஆரம்பித்து ஃபைபருக்கு வந்தவர்கள். எடுப்பதற்கு முன்னாலேயே அவர்களுடைய அப்யூஸ் முகவரிக்கு ஒரு மெயில் போட்டேன், நான் இன்னும் வாடிக்கையாளர் இல்லை, இந்தப் பெட்டியை யாராவது பார்க்கிறீர்களா என்று. பதில் வந்தது. நெட்வொர்க் பார்க்கிற தம்பியே எழுதியிருந்தார், காலையில் வந்ததும் முதலில் திறப்பது அந்தப் பெட்டிதான் என்று. எனக்கு அந்தப் பதிலே போதுமாக இருந்தது.

வீட்டுக் கனெக்‌ஷன்களில் இவர்கள் 25-ஆம் போர்ட்டை வெளியே போக விடாமல் மூடி வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் சிலர் சண்டைக்குப் போகிறார்கள், ஆனால் இது நல்ல ஏற்பாடு. 25 என்பது மெயில் சர்வரும் மெயில் சர்வரும் பேசிக்கொள்ளும் வழி. நாம் போனிலோ கம்ப்யூட்டரிலோ மெயில் அனுப்பும்போது பாஸ்வேர்டு கொடுத்து 587 அல்லது 465 வழியாகத்தான் போகிறோம், அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர்கள்தான் நேராக 25 வழியாகக் குப்பையைக் கொட்டும். எங்களை மாதிரி நிலையான ஐபி எடுத்தவர்களுக்கு எழுதிக் கேட்டால் திறந்துவிடுகிறார்கள், சர்வர் யார் பொறுப்பில் இருக்கிறது, ராத்திரியில் எந்த நம்பருக்குக் கூப்பிடலாம் என்று ஒரு படிவம் வாங்கிக்கொண்டு.

இவர்களை நான் முழுசாக நம்ப ஆரம்பித்தது ஒரு மழை நாளில். மலையிலிருந்து எங்கள் ஸ்டோர் கணக்கு பார்க்கிற பையன் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து ஆபீஸ் லைனில் மாட்டியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் அந்த நெட்வொர்க் தம்பியிடமிருந்து போன்.

"அண்ணே, ஒங்க லைன்ல இருந்து இருபத்தஞ்சுல சரமாரியா கனெக்‌ஷன் போகுது. ஒங்க சர்வர் வழக்கமா இப்படி அனுப்பாதே. புதுசா ஏதாச்சும் சிஸ்டம் மாட்டுனீங்களா?"

லேப்டாப்பைச் சொன்னேன்.

"அதைக் கழட்டிருங்கண்ணே. நான் இருபத்தஞ்சை மட்டும் நிறுத்தி வச்சிருக்கேன், மத்த நெட்டு எல்லாம் ஓடும், ஏலத்துக்கு ஒண்ணும் ஆகாது. சுத்தம் பண்ணிட்டுச் சொல்லுங்க, திறந்து விடுறேன்."

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தவை பல. லைனையே வெட்டவில்லை; ஏலம் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வெட்டியிருந்தால் எங்கள் கதி என்ன. புகார் வரும்வரை காத்திருக்கவில்லை. அப்புறம், மெயிலுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை, எத்தனை கனெக்‌ஷன் எந்தப் போர்ட்டில் போகிறது என்ற எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்திருக்கிறார். இதை நான் நேராகவே கேட்டேன், நீங்களும் கேளுங்கள், நம் கடிதத்தைப் படிக்கும் அதிகாரம் அவர்களுக்கு வேண்டாம், தேவையும் இல்லை. லேப்டாப்பைச் சுத்தம் செய்ய மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-ல் ஆரம்பித்த சைபர் ஸ்வச்தா கேந்திரத்தின் இலவசக் கருவியையும் அவரே சொன்னார். பாட்நெட்டில் சிக்கிய கம்ப்யூட்டர்களைப் பற்றி அந்த மையம் இன்டர்நெட் கம்பெனிகளுக்குத் தகவல் அனுப்பும், கம்பெனி அதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். புகார்ப் பெட்டியே நிரம்பிக் கிடக்கிற கம்பெனியில் அந்தத் தகவல் யார் கைக்குப் போகும்?

இதே தம்பி எங்கள் முதலாளிக்கு 'முடியாது' என்று சொன்னதும் உண்டு. யாரோ ஒருத்தர் வட இந்திய ஹோட்டல், ஸ்வீட் கடைகளின் மெயில் முகவரிகளைப் பெரிய பட்டியலாக விலைக்குத் தருகிறேன் என்று வந்தார், தினமும் ஏல விலையை அத்தனை பேருக்கும் அனுப்பலாம் என்று முதலாளிக்கு ஆசை. தம்பி விதிமுறையைக் காட்டிவிட்டார்: கேட்காதவர்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்பக் கூடாது, விலைக்கு வாங்கிய பட்டியலுக்கு அனுப்பவே கூடாது, அனுப்பினால் முதலில் எச்சரிக்கை, அடுத்து 25 மூடல், அதற்கும் மேல் போனால் கனெக்‌ஷன் ரத்து. முதலாளி கொஞ்சம் வருத்தப்பட்டார், எனக்கு நிம்மதி. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து இதில் கறாராக இருக்கின்றன. தினம் 5000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் மெயில் நிஜமாகவே அந்தப் பெயருக்கு உரியவர் அனுப்பியதுதானா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும், ஒரே கிளிக்கில் விலகிக்கொள்ள வழி கொடுக்க வேண்டும், குப்பை என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. கேட்டு வாங்கிய பார்ட்டிகளுக்கு மட்டும் இப்போது விலை மெயில் போகிறது, அதைத் திறந்து படிக்கிறார்கள், பதிலும் எழுதுகிறார்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். விளம்பரக் கால், எஸ்எம்எஸ் தொல்லைக்குத் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிகள் இருக்கின்றன, 1909 என்ற நம்பரில் பதிவு செய்யலாம், மெயில் அதில் வராது. தொல்லை தரும் மெயிலையும் தொட்ட ஒரு பிரிவு ஐடி சட்டத்தில் இருந்தது, 66ஏ, அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. கருத்துச் சொன்னவர்களையெல்லாம் பிடிக்கப் பயன்பட்ட பிரிவு அது, ரத்தானது சரிதான். ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி இருக்கிறது, மூன்று வருஷம் வரை சிறை. ஆனால் விளம்பரக் குப்பைக்கு என்று தனிச் சட்டம் இங்கே இல்லை. அதனால் கனெக்‌ஷன் எடுக்கும்போது கையெழுத்துப் போடுகிறோமே, அந்த உபயோக விதிமுறையும், அதை நடைமுறைப்படுத்துகிற கம்பெனியும்தான் நமக்குப் பாதுகாப்பு.

ஆள் மாறாட்டம் எங்களுக்கும் நடந்தது. எங்கள் பெயரில், எங்கள் மெயில் முகவரியையே போட்டு, "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று இந்தூர் பார்ட்டிக்கு ஒரு மெயில். அவர் நல்ல மனுஷர், பணம் போடுவதற்கு முன் போன் செய்து கேட்டுவிட்டார். அந்த மெயிலை ஸ்கிரீன்ஷாட்டாக இல்லாமல் ஃபைலாகவே இணைத்து அனுப்பச் சொன்னேன், ஏனென்றால் ஸ்கிரீன்ஷாட்டில் ஹெடர் (மெயில் வந்த வழியைச் சொல்லும் தலைப்பு விவரம்) இருக்காது, ஹெடர் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால் ஹெடர் முழுசாக வரும்.

அதில் 'ரிசீவ்டு' என்று ஆரம்பிக்கும் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், மெயில் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்த்துக்கொண்டே வரும். அடி வரியில் இருப்பதுதான் அனுப்பியவன் ஐபி என்று பலர் சொல்கிறார்கள், அதை அப்படியே நம்பாதீர்கள், அடி வரிகளை அனுப்புகிறவனே பொய்யாக எழுதி அனுப்பலாம். மெயிலை வாங்கிய சர்வர் தானே எழுதிய வரியைப் பாருங்கள், அதில் சதுர அடைப்புக்குள் இருக்கும் ஐபிதான் நிஜமாக வந்து கதவைத் தட்டிய ஐபி. எங்கள் விஷயத்தில் அது வெளிநாட்டு ஹோஸ்டிங் கம்பெனி ஒன்றுடையது. புகாரை எங்கள் இன்டர்நெட் கம்பெனிக்கு அனுப்பிப் பிரயோஜனம் இல்லை, அந்த ஐபியின் சொந்தக்காரருக்குத்தான் அனுப்ப வேண்டும், இதையும் தம்பிதான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஹூயிஸில் அவர்கள் அப்யூஸ் முகவரியை எடுத்து, முழு ஹெடர், மெயில் வந்த தேதி, நேரம், அது இந்திய நேரம் என்ற குறிப்பு, நாங்கள் யார், அனுப்பியவன் யாராக நடிக்கிறான், அவ்வளவுதான் எழுதினோம். திட்டு ஒன்றும் எழுதவில்லை, மறுபக்கம் படிப்பவர் தினம் எத்தனையோ புகார் படிக்கிறவர், அவருக்கு வேண்டியது ஆதாரம் மட்டும். அந்த ஐபியிலிருந்து எங்கள் பெயரில் மெயில் வருவது நின்றது. எங்கள் டொமைனுக்கு டிமார்க் கொள்கையை 'ரிஜெக்ட்' (எங்கள் பெயரில் வரும் போலி மெயிலை ஏற்காதே என்று சொல்வது) வரை கொண்டுபோகவும் அவரே உதவினார், இது கம்பெனி வேலையே இல்லை.

ஒருவேளை பணம் போயே போய்விட்டது என்றால் இதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், உடனே சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930-க்கு அடியுங்கள். லாகுகளை (கம்ப்யூட்டர்களில் தானாகப் பதிவாகும் குறிப்புகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவு, ஆகவே புகாரைத் தள்ளிப் போடவும் கூடாது. வீட்டுக் கனெக்‌ஷன்களில் பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்துகொள்கிறார்கள், அங்கே சரியான நேரமும் போர்ட் நம்பரும் இல்லாமல் யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

குறைகளும் இருக்கின்றன. விதிமுறை முழுக்க ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் கடைக்காரர்கள், தோட்டக்காரர்கள் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? எது கூடாது என்று தமிழில் ஒரு பக்கம் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. 'கம்பெனி விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்று ஒரு வரி இருக்கிறது, அதை எடுக்க வேண்டும், நிறுத்துவதற்கு முன் சொல்வோம் என்று எழுத்திலேயே இருக்க வேண்டும். இப்போது அந்தத் தம்பியின் நல்ல குணத்தை நம்பித்தான் இருக்கிறோம், அவர் வேலை மாறிப் போனால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு உண்டு. ராத்திரியில் அப்யூஸ் பெட்டியைப் பார்க்க ஆள் இல்லை. எங்கள் ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியை வைத்து நம் பெயரைக் காட்டும் பதிவு) போட்டு வாங்குவதற்குள் பெரும்பாடு, ஐபி மேல் கம்பெனியுடையது என்பதால் அவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள், அது இல்லாமல் ஜிமெயில் நம் மெயிலைச் சந்தேகமாகத்தான் பார்க்கும். ஐப்பசி மழையில் ஃபைபர் அறுந்தால் சரி செய்ய நேரம் ஆகிறது. வேகம் பழைய கம்பெனியைவிடக் கொஞ்சம் கம்மி, நிலையான ஐபிக்குத் தனிக் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இவ்வளவுக்கும் அப்புறமும் மாறச் சொல்வேன், ஏலக்காய்க் கடை, டிரான்ஸ்போர்ட், ஆடிட்டர் ஆபீஸ், மெயிலை நம்பிப் பிழைக்கிற யாராக இருந்தாலும்.

குமுளி, வண்டன்மேடு பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. இவர்களுடையது சி வகை லைசென்ஸ், இந்தப் பக்கத்துக்கு மட்டும்தான், செக்போஸ்ட் தாண்டினால் கேரளா சர்க்கிள், அங்கே கொடுக்க முடியாது. மேலே நீங்கள் வைத்திருக்கும் கம்பெனியின் அப்யூஸ் முகவரிக்கு ஒரு மெயில் போட்டுப் பாருங்கள், மனுஷர் யாராவது பதில் எழுதினால் எந்தக் கம்பெனி என்று எனக்கும் சொல்லுங்கள், வண்டன்மேட்டில் எங்கள் ஸ்டோருக்கு ஒரு கனெக்‌ஷன் எடுக்க வேண்டியிருக்கிறது.